பிஎம் வேண்டாம், விலையைப் போடுங்கள்

2018 ஆகஸ்டு மாதக் கடைசியில் பத்துமலைக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கோயிலைப் புதுப்பிக்கும் வேலையோடு வேலையாக 272 படிகளுக்கும் வண்ணம் பூசினார்கள். எங்களிடம் அனுமதி வாங்கினீர்களா என்று தேசிய மரபுடைமைத் துறை கேட்டது. பத்திரிகைகளில் சில நாள் அந்தச் சர்ச்சை ஓடியது. அதற்குள் படிகளின் படம் இன்ஸ்டாகிராம் வழியாக உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. 2006 ஜனவரியில் திறந்துவைத்த 140 அடி முருகன் சிலை ஏற்கெனவே சுற்றுலாப் பயணிகளை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. பொன்னிற முருகனுக்குப் பக்கத்தில் இந்த வண்ணப் படிகளும் சேர்ந்த பிறகு, கையில் தொலைபேசி வைத்திருந்த ஒவ்வொருவரும் பத்துமலைக்குச் சம்பளம் வாங்காத விளம்பரதாரர் ஆகிவிட்டார்.

இதைப் பார்த்துவிட்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் தப்பான பாடம் படித்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். கடைச் சுவரில் இரண்டு இறக்கை வரைந்து வைத்தால், பளிச்சென்ற விளக்கில் 'வணக்கம்' என்று எழுதி மாட்டினால், வருகிறவன் படம் எடுப்பான், படத்தைப் பார்த்து ஊரே வரும் என்ற நம்பிக்கை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் 2012இல் சுவரோவியங்கள் வந்தபோதும் இந்த ஆசை கிளம்பியது. 2019இல் பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் குவாய் சாய் ஹோங் என்ற சின்னச் சந்தினைப் புதுப்பித்துத் திறந்தபோதும் கிளம்பியது.

ஒரு சனிக்கிழமை பத்துமலை அடிவாரத்தில் சும்மா நின்று பாருங்கள். பேருந்து வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் புறாக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு படம், சிலைக்கு முன் ஒரு படம், படிக்கட்டில் நான்கு படம் எடுத்துக்கொண்டு, குரங்குக்குப் பயந்து பையை இறுக்கிப் பிடித்தபடி ஏறி இறங்கிப் போய்விடுவார்கள். அவர்களால் பிழைக்கிற வியாபாரம் உண்டு. இளநீர் விற்கிறது. அரைக்கால் சட்டையில் வந்த பெண்களுக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளத் துணி வாடகைக்குப் போகிறது. சைவ உணவகங்களில் தோசை ஓடுகிறது. ஆனால் பூஜைச் சாமான் கடைக்கும், வளையல் கடைக்கும், பூமாலை கட்டுகிறவருக்கும் அந்தப் பேருந்தால் பெரிய லாபம் இல்லை. அவர்களுடைய வாடிக்கையாளர் ரவாங்கிலிருந்தும் செந்தூலிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வருகிறவர். மகளுக்குக் காது குத்தவும், நேர்த்திக்கடனுக்குப் பால்குடம் எடுக்கவும் வருகிறவர். அவர் படிக்கட்டின் படத்தைப் பார்த்து வருவதில்லை. மாலை என்ன விலை, முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டுமா, காலை எத்தனை மணிக்குக் கடை திறக்கும், காரை எங்கே நிறுத்துவது என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்.

அந்தக் கேள்விகளுக்கு நம் கடைகளின் முகநூல் பக்கத்தில் பதில் இருக்கிறதா?

நான் பார்த்தவரை, அழகான படம் இருக்கிறது. பட்டுப்புடவை, முறுக்கு டின், கல்யாண மேடை அலங்காரம் எல்லாம் கண்ணைப் பறிக்கிறது. கீழே ஒருவர், "அக்கா, விலை எவ்வளவு?" என்று கேட்டிருப்பார். அதற்குக் கடையின் பதில்: "பிஎம் பண்ணுங்கம்மா." அதாவது, தனிச்செய்தியில் கேளுங்கள். அடுத்தவர் கேட்பார், அவருக்கும் பிஎம். மலாய்க்காரக் கடைகளிலும் இதே கதைதான். 'பிஎம் தெப்பி' (ஓரமாக வந்து தனிச்செய்தி அனுப்பு) என்று சொல்லி இந்த நாடே கேலி செய்கிற வழக்கம் இது. கேலியோடு முடிகிற விஷயமும் அல்ல. 2013 ஜூலை முதலே மின்வணிக விதிமுறைகள், இணையத்தில் விற்கிறவர் தம் பெயர் அல்லது நிறுவனப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்கின்றன. மீறும் தனிநபருக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு என்று உள்நாட்டு வாணிப அமைச்சு பல முறை எச்சரித்திருக்கிறது. வீட்டிலிருந்து பலகாரம் விற்கிற அக்காவுக்கும் இது பொருந்தும். அமைச்சின் ஆள் அவர் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரி, சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வியாபாரத்தை மட்டும் பார்ப்போம்.

விலையை ஏன் மறைக்கிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டால் இரண்டு காரணம் வரும். ஒன்று, பக்கத்துக் கடைக்காரன் பார்த்து ஒரு வெள்ளி குறைத்துவிடுவான். அண்ணே, அவனுக்குத் தெரிய வேண்டுமென்றால் தங்கச்சி மகளை விட்டு வாட்ஸ்அப்பில் கேட்க வைக்க மாட்டானா? இரண்டாவது காரணம், விலையைப் பார்த்ததும் ஓடிவிடுவார்கள், பேச்சுக்கு வந்தால் மசிய வைக்கலாம் என்பது. கடைக்குள் கால் வைத்தவரை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, பத்துப் புடவையை விரித்துப் போட்டு விற்பது நம்மவர்களுக்குக் கைவந்த கலைதான். ஆனால் தொலைபேசியில் புரட்டிக்கொண்டு போகிறவர் இன்னும் வாசலுக்குக்கூட வரவில்லை. கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

டிக்டாக் நேரலையில் புடவை விற்கிறவர்களைக் கவனியுங்கள், இது தானாக விளங்கும். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து, நம் கடைத்தெருக்களான தெங்கு கிளானா சாலையும் மஸ்ஜித் இந்தியாவும் பிரிக்பீல்ட்ஸும் வெறிச்சோடின. 2021 தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கே பக்தர் கூட்டம் இல்லை. அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் நேரலையைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர், கடை திறந்த பிறகும் அதை விடவில்லை. முக்காலியில் ஒரு தொலைபேசி, பின்னால் ஒரு தொங்கல் கம்பி, முன்னால் புடவையைத் தோளில் போட்டுக் காட்டும் ஒரு பெண். "எண் 12, மென்பட்டு, 89 வெள்ளி, அஞ்சல் செலவு சேர்த்து" என்று வாய்விட்டுச் சொல்கிறார். கரை எவ்வளவு அகலம் என்று ஜொகூரிலிருந்து ஒருவர் கேட்டால் விரலால் அளந்து காட்டுகிறார். பேசும் மொழி தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த நம் வீட்டு மொழி. விலையும் பதிலும் அங்கே உடனே கிடைக்கின்றன, அதனால்தான் விற்கிறது. அதே கடையின் முகநூல் பக்கத்துக்குப் போனால் பழைய 'பிஎம்' காத்திருக்கும்!

முகநூல் பக்கத்தைப் பற்றி இன்னொன்று. ஐயாயிரம் லைக் இருக்கிறது என்று பெருமைப்படும் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2018 ஜனவரியிலேயே முகநூல் நிறுவனம், குடும்பத்தார் நண்பர்களின் பதிவுகளுக்கு முதலிடம் தருவோம், வணிகப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகத்தான் தெரியும் என்று அறிவித்துவிட்டது. லைக் போட்ட ஐயாயிரம் பேரில் உங்கள் தீபாவளிக் கழிவைப் பார்க்கிறவர் கொஞ்சம் பேர்தான். டிக்டாக் வேறு மாதிரி. உங்களைப் பின்தொடராதவருக்கும் கொண்டுபோய்க் காட்டும். ஆனால் அலோர்ஸ்டாரில் இருப்பவருக்கும் காட்டும். மதியம் வாழையிலைச் சாப்பாடு போடுகிற கடைக்கு அலோர்ஸ்டார்க்காரரால் என்ன பயன்?

அப்படிப்பட்ட கடைக்குக் கைகொடுப்பது கூகுள் வரைபடம். காசு கிடையாது. கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறவர், அல்லது கொமுட்டர் ரயிலில் பத்துமலைக்குப் போய்விட்டுப் பசியோடு திரும்புகிறவர், பிரிக்பீல்ட்ஸில் எங்கே சாப்பிடலாம் என்று அதில்தான் தேடுவார். அதில் உங்கள் கடை திங்கட்கிழமை திறந்திருக்கிறது என்று காட்டி, அவர் வெயிலில் நடந்து வந்து இழுத்து மூடிய கதவைப் பார்த்தால், ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவார். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் லீவு விட்டால் அதையும் அங்கே எழுதி வைக்கலாம். எழுதி வைக்கிறவர்கள் குறைவு.

முன்பு நம் கடைகளுக்கு விளம்பரம் என்றால் தமிழ் நேசன் நாளிதழின் தீபாவளி மலரில் கால் பக்கம், வசதி இருந்தால் வானொலியில் சில விநாடி. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுவிட்டது. அந்தக் கால் பக்கத்தில் முதலாளியின் படமும் வாழ்த்தும் இருக்கும், விலை இருக்காது. மலர் வீட்டுக்கு வந்தது, ஆள் கடைக்கு வந்தார், விலை கடையில் இருந்தது. இன்றைக்கும் பலர் முகநூலை அந்தத் தீபாவளி மலராகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உணவு விமர்சகர்களைக் கூப்பிடுவது பற்றியும் கடைக்காரர்கள் கேட்கிறார்கள். கணவன், மனைவி, ஓர் உதவியாள் என்று நடக்கிற கடை வைரல் ஆனால் என்ன நடக்கும் என்று முதலில் யோசியுங்கள். ஞாயிறு வரிசை சாலை வரைக்கும் நிற்கும், ஒரு மணிக்கே மீன் குழம்பு தீரும், வாரந்தவறாமல் வருகிற செலாயாங் குடும்பம் இடமில்லாமல் திரும்பிப் போகும். வைரல் கூட்டம் அடுத்த மாதம் வேறு கடையில் இருக்கும். திரும்பிப் போன குடும்பம் திரும்பி வருமா என்பதுதான் கேள்வி. காசு கொடுத்து விமர்சகரைக் கூப்பிடுவதைவிட, அந்தக் காசில் இன்னோர் ஆளை வேலைக்கு வைத்துக்கொள்வது மேல் என்பேன்.

மொழி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 2020இல் பேராக்கைச் சேர்ந்த சுகு, பவித்ரா தம்பதியர் நம் வீட்டுச் சமையலைக் காணொளிகளில் மலாயில் சொல்லிக் காட்டியபோது நாடே பார்த்தது. அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் தம் உரையிலேயே அவர்கள் பெயரைச் சொன்னார். தமிழ்க் கடை என்றால் தமிழர் மட்டும்தான் வருவார் என்று நாமே வேலி போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பலகாரத்தின் பெயரைத் தமிழிலும், அது என்ன, எதில் செய்தது என்பதை மலாயிலும் எழுதுங்கள்.

தீபாவளிப் பரபரப்பு தொடங்குவதற்கு முன்பு ஒரு சாயங்காலம் உட்காருங்கள். மகனையோ மருமகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, உங்கள் பக்கத்தின் பழைய பதிவுகளைத் திறந்து, 'பிஎம்' என்று எழுதிய இடத்திலெல்லாம் விலையை எழுதுங்கள். கடை நேரம், வாட்ஸ்அப் எண், பதிவு எண், அஞ்சல் செலவு ஆகியவற்றையும் சேருங்கள். சுவரில் இறக்கை வரைவதைத் தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.