கணினி தீட்டும் கரையும் தறிக் கூலியும்

உறையூர்ப் பருத்தித் துணியின் புகழ் இன்று நேற்று வந்ததன்று. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான ‘பெரிப்ளூஸ்’ குறிப்பிடும் ‘அர்காரு’ மெல்லாடை உறையூருக்கு உரியதென்பது அறிஞர் பலர் கருத்து. அப்புகழ் நிலைக்கப் புதுப்புதுக் கரைகளும் முந்தானைகளும் வேண்டும். 2022-ஆம் ஆண்டு முதல் பரவலாகியுள்ள, படம் ஆக்கும் செயற்கை நுண்ணறிவு இதற்குத் துணைபுரியக்கூடியதே. திருவரங்கக் கோபுரத்தையோ காவிரிக்கரை வாழைத் தோட்டத்தையோ தழுவிப் பூவேலை கேட்டால், சில நிமிடங்களில் இருபது படங்களேனும் தீட்டித் தரும்.

ஆனால் படம் புடவையாகிவிடாது. அவ்விருபதில் எது நம் நூல் நம்பருக்கும் பாவின் இழைக் கணக்கிற்கும் பொருந்தும் என்பதை, ஒரு முழம் நெய்து பார்த்த நெசவாளரே உறுதியாகக் கூற இயலும். புடவைக் கணக்கில் கூலி பெறுவோருக்கோ அச்சோதனை நாட்கள் நஷ்ட நாட்களே. ஆகவே, படம் வரைவதில் மிச்சமாகும் பணத்தை மாதிரி நெய்வோருக்கு நாட்கூலியாக வழங்கச் சங்கங்கள் தீர்மானம் இயற்றுதல் வேண்டும். மாதிரிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் நெசவாளர் இருவரேனும் அமர்தல் நன்று. கருவி யோசனை கூறட்டும். முடிவு தறியடியில் பிறக்கட்டும்.