ஆணியையும் மோட்டாரில் செருகலாமே!

2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. ‘அந்தக் காந்தமே வேண்டாம், இரும்புக் கார்பைடு போதும், கணினி நிரூபித்துவிட்டது’ என்கிறார் நண்பர். சான்று, அரக்கோணம் எலக்ட்ரிக் லோகோ ஷெட்! சரக்கு ரயிலையே இரும்பு மோட்டார் இழுக்கிறதாம், ஸ்கூட்டரை இழுக்காதா என்கிறார்.

ஷெட் வாசலில் யாரையாவது கேட்டிருக்கலாம். அந்த இன்ஜின்களின் மோட்டாரில் நிலைக்காந்தமே கிடையாது. பழையவற்றில் டி.சி. சீரிஸ் மோட்டார், புதியவற்றில் மும்முனை இண்டக்‌ஷன் மோட்டார். இரண்டிலும் காந்தப்புலத்தைத் தருவது கம்பிச்சுருளில் ஓடும் மின்சாரம். நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள இன்ஜினில் அதற்கு இடம் தாராளம். சக்கரத்துக்குள் மோட்டாரை அடக்கும் ஸ்கூட்டரில் ஏது? பக்கத்து ராணிப்பேட்டையில் ஸ்கூட்டர் செய்பவர்களே சொல்வார்கள்.

கணினி என்ன சொன்னது? மூன்று இரும்பு அணுவுக்கு ஒரு கார்பன் சேர்ந்த இரும்புக் கார்பைடான சிமென்டைட்டில், இரும்பு அணு ஒன்றுக்குச் சுமார் 2 போர் மேக்னட்டான் காந்தத் திறன். இதோடு படிப்பை நிறுத்திவிட்டார் நண்பர். தூய இரும்புக்கு அதே எண் 2.2. அது மட்டும் போதுமென்றால் ஆணியையும் மோட்டாரில் செருகிவிடலாமே!

எதிர்ப்புலம் வந்தாலும் திசை மாறாதிருக்க, படிகத்தின் ஓர் அச்சு காந்தத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். நியோடிமியம்-இரும்பு-போரானில் இந்தப் பிடிப்பு கன மீட்டருக்குச் சுமார் 49 லட்சம் ஜூல். சிமென்டைட்டில் ஏறக்குறைய 4 லட்சம். நியோடிமியத்தின் 4எஃப் எலக்ட்ரான்கள் செய்யும் வேலை அது. கார்பனிடம் அந்தச் சரக்கில்லை. காந்தத்தன்மை மறையும் கியூரி வெப்பநிலையும் நியோடிமியம் காந்தத்தில் 312 டிகிரி செல்சியஸ், சிமென்டைட்டில் 210 அளவில்தான். தவிர, இத்தகைய கணக்குகள் பெரும்பாலும் சுழி கெல்வினுக்குப் போடப்படுபவை, அரக்கோணம் வெயிலுக்கு அல்ல.

சிமென்டைட்டில் கோபால்ட் கலந்தால் பிடிப்பு கூடுமா என்று நூற்றுக்கணக்கான சேர்மானங்களைக் கணினியில் வடிகட்டுவது நல்ல வேலை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் உலையில் செய்து அளக்கும்வரை அவை வேட்பாளர்கள்தான். நண்பரோ பதவிப் பிரமாணமே செய்து வைத்துவிட்டார்.

பழங்காலக் கொடுமணல் உருக்கை அவர் துணைக்கு அழைப்பது இன்னும் வேடிக்கை. அதில் இருந்த கார்பைடு வாளுக்கு உதவியது. கார்பன் எஃகுக் காந்தத்தை உலகம் பயன்படுத்தித்தான் பார்த்தது; 1931-இல் அல்நிகோ வகை வந்ததும் அதற்கு மவுசு போனது.

இதையெல்லாம் வைத்து, அரிய மண் தாது உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைத் தொட வேண்டாம் என்று முடிக்கிறார். அங்கு மணல் அள்ளுவதை எதிர்க்க மீனவர்களிடம் கடலரிப்பு, மோனசைட்டின் தோரியம், உடல்நலம் என்று சொந்த நியாயங்கள் உண்டு. எதிராளி ஒரே கேள்வியில் தகர்த்துவிடும் வாதத்தை அவர்கள் தலையில் ஏன் கட்டுகிறார்?