விருதுக்கு அப்பால்

திரைக்கலைஞரின் தகுதியை அவர் பெற்ற விருதைக் கொண்டே அளப்பது பிழை. ஹாலிவுட்டின் பொற்காலமே இதற்குச் சான்று. 1941இல் வெளிவந்த ‘சிட்டிசன் கேன்’ ஒன்பது ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றும், திரைக்கதைக்குரிய ஒரே விருதோடு நின்றது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் சிறந்த இயக்குநருக்கான பட்டியலில் ஐந்து முறை இடம்பெற்றார், ஒருமுறையும் வென்றாரல்லர். அவரை வென்றோரும் எளியவர் அல்லர். ஜான் ஃபோர்டும் பில்லி வைல்டரும் அவர்களுள் அடங்குவர். ஓர் இருக்கைக்கு ஐவர் தகுதியுடையோராயின், நால்வர் நின்றுதானே ஆக வேண்டும்?

நம் சிவாஜி கணேசனையே நோக்குவோம். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்திற்காக 1960இல் கெய்ரோ ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழா அவரைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தது. சிறந்த நடிகருக்கான இந்தியத் தேசிய விருதோ அவருக்கு இறுதிவரை வழங்கப்படவில்லை. அவர் மூன்று வேடங்களில் நடித்த ‘தெய்வமகன்’ (1969), இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப்படம். எனினும் அது இறுதிப் பட்டியலை எட்டவில்லை.

கள்ளக்குறிச்சி வட்டாரத்து டூரிங் கொட்டகைகளில் மணலைக் குவித்து அமர்ந்து படம் பார்த்தோரும், கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவந்து பார்த்தோரும் எந்தப் பட்டியலையும் கேட்டறிந்து கைதட்டியவர் அல்லர். அவர்தம் தீர்ப்பு ஏட்டில் ஏறாதது. ஆயினும் தேர்வுக் குழுவினர் தீர்ப்புக்கு அது தாழ்ந்ததன்று. ஐயமுடைய மாணவர் ‘தெய்வமகன்’ படத்தைப் பார்க்கலாம். தந்தையும் இரு மகன்களும் எதிரெதிரே நிற்கும் காட்சியில், முகத்தைப் பாராமலே, நிற்கும் நிலையைக் கொண்டே இன்னார் இவர் எனப் பிரித்தறிய முடியும்.