சத்தம் போடும் அடாப்டர்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டு மாடியில் ஹாம் ரேடியோ வைத்திருக்கிறேன். ஒரு நாள் மாலை 7 மெகாஹெர்ட்ஸில் "கொர்ர்" என்ற இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். இரைச்சல் நின்றது. குற்றவாளி வீட்டுக்குள்தான்! பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியதில், மோடத்துக்கு வாங்கிய மலிவு அடாப்டர் சிக்கியது.

இன்றைய அடாப்டர்கள் எஸ்.எம்.பி.எஸ். வகை. மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தி நிறுத்தி அனுப்புகின்றன. அதில் எழும் இரைச்சலை உள்ளிருக்கும் பில்டர் தடுக்க வேண்டும். காசை மிச்சம் பிடிப்பவர்கள் முதலில் கைவைப்பது அதில்தான்.

"இது உங்கள் பொழுதுபோக்குப் பிரச்சினைதானே?" என்பீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோ மூலம்தான் செய்திகளை அனுப்பினார்கள். அத்தகைய மெல்லிய சிக்னலை, கேட்பவர் பக்கத்து வீட்டு அடாப்டரே அமுக்கிவிடும்.

எனவே புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு சிறிய ஏ.எம். ரேடியோவால் உங்கள் அடாப்டர்களைச் சோதியுங்கள். ஓரிரு மீட்டர் தள்ளி வைத்தும் இரைகிறதா? தயங்காமல் மாற்றுங்கள்.