தாமரை வேறு, அல்லி வேறு!

குளத்தில் பூப்பதெல்லாம் தாமரை என்றுதான் பலருக்கு நினைப்பு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "அது அல்லி, தாமரைக்குத் தங்கச்சி மாதிரி" என்பார்கள். உண்மையில் தங்கச்சியும் இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை!

இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமல்ல. செடிகொடிகளுக்கெல்லாம் அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸே 1753-ல் தாமரையை அல்லியோடுதான் சேர்த்து வைத்தார். பிற்பாடு மரபணுவைப் பார்த்தபோது கணக்கு மாறிவிட்டது. பூக்கும் தாவரங்களில் ஆரம்பத்திலேயே தனிக்குடித்தனம் போன கிளை அல்லி. நெல், வாழை, ரோஜா, தாமரை எல்லாம் அதற்கப்புறம் பிரிந்தவை. அப்படியென்றால் தாமரைக்கு அல்லியைவிட வாழைதான் நெருங்கிய சொந்தம்! அதைவிட நெருக்கம் காஷ்மீரின் சினார் மரம். ஸ்ரீநகரின் தால் ஏரியில் தண்ணீருக்குள் தாமரை நிற்க, கரையில் அதன் உறவுக்கார மரம் நிற்கிறது. பார்த்தால் யாராவது நம்புவார்களா?

அடையாளம் காண்பது சுலபம். தாமரை இலை வெட்டில்லாத வட்டம், காம்பு நடுவில் சேரும், பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கும். அல்லி இலையில் காம்பு வரை ஒரு பிளவு இருக்கும், தண்ணீரில் படிந்து மிதக்கும்.

சரி, பூவில் குழம்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. கடையில் குழம்பினால்? வெள்ளை வெளேரென்று பொரி மாதிரி "தாமரை விதை" என்று பாக்கெட்டில் விற்கிறார்களே, அது தாமரை விதையே அல்ல. மக்கானா. அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த, இலையிலும் முள்ளுள்ள ஒரு செடியின் விதையை வறுத்துப் பொரிப்பது. நாட்டின் உற்பத்தியில் பெரும்பங்கு பீகாரில். குளத்தில் மூழ்கி, அடிச்சேற்றிலிருந்து விதைகளை அள்ளி எடுக்கிறார்கள். மிதிலை மக்கானாவுக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

"சத்து இருந்தால் போதாதா, பெயரில் என்ன தகராறு?" என்று சிலர் கேட்கலாம். வேர்க்கடலையிலும் சத்து இருக்கிறது. அதற்காக முந்திரி என்று லேபிள் ஒட்டி விற்றால் சும்மா வாங்கிக்கொண்டு போவோமா? வணிகவியல் படிப்பவர்களாவது கேட்க வேண்டாமா? வாங்குகிறவருக்கு எதை வாங்குகிறோம் என்று தெரியவில்லை. சேற்றில் இறங்கியவரின் விளைச்சல் வேறொரு பூவின் பெயரில் போகிறது. தமிழில் பெயர் வேண்டுமென்றால் "முள் அல்லி விதை" என்று போடலாமே, பாக்கெட்டில் இடமா இல்லை?