‘கிடைத்தது’ என்றால் நம்பிவிடுவதா?

ஏ.டி.எம்.மில் ‘பணம் எடுக்கப்பட்டது’ என்று சீட்டு வருகிறது, நோட்டு வரவில்லை. சீட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோமா? புரோகிராம் எழுதுகிறவர்கள் பலர் அப்படித்தான் வந்துவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் சிப்பில் ‘ஆர்டிரேண்ட்’ என்றொரு கட்டளை உண்டு. யாரும் ஊகிக்க முடியாத எண்ணைத் தருவது அதன் வேலை. போனில் நம் வங்கிக் கணக்கைக் காக்கும் ரகசியச் சாவிகள் இத்தகைய எண்களிலிருந்துதான் உருவாகின்றன. எண் கிடைத்தால் ‘கேரி’ என்ற அடையாளம் 1, கிடைக்காவிட்டால் 0. 0 வந்தால் 10 முறை வரை மறுபடி கேட்கச் சொல்கிறது இன்டெல்.

2019இல் வந்த ஏஎம்டி ரைசன் 3000 சிப்புகளில் முதலில் நடந்ததோ வேறு. அடையாளம் 1 என்றே வந்தது. எண்ணும் எப்போதும் அதே எண். லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி அதை நம்பியது. கம்ப்யூட்டர்கள் கிளம்பவே இல்லை. பிறகு பயாஸ் திருத்தம் வந்தது.

‘தப்பு சிப்பினுடையது’ என்று கைகழுவுவதை நான் ஏற்கமாட்டேன். புளியங்குடியில் எலுமிச்சை வாங்குகிறவர் மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்தா காசு கொடுக்கிறார்? அதன் பிறகே லினக்ஸ் கர்னலில் ஒரு சோதனை சேர்த்தார்கள்: பலமுறை கேள், எண் மாறாவிட்டால் எச்சரி. சில வரி வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டாமா?

அடையாளத்தையும் பாருங்கள், எண்ணையும் பாருங்கள். பூட்டு உங்களுடையது, உள்ளே இருப்பது எங்கள் பென்ஷன்.