பேயா? விஞ்ஞானமா? கீரிப்பாறையில் ஒரு நாவல் வழக்கு

ஒரு புத்தகம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தது. பதினைந்தே நாளில் அந்த வீடு நான்கு கட்சியாகப் பிரிந்துவிட்டது!

வீடு இருப்பது கீரிப்பாறையில். கன்னியாகுமரி மாவட்டத்தில், மலையடிவாரத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் அது. பக்கத்தில் காளிகேசம். அதற்கு மேலே காடு. மாலை ஆறு மணிக்கே மரங்களின் அடியில் இருட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். பேய்க் கதை படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

புத்தகம் எது? சுஜாதா எழுதிய "கொலையுதிர் காலம்".

வழக்கு என்ன?

1980-களின் தொடக்கத்தில் குமுதம் வார இதழில் தொடர்கதையாக வந்த நாவல் இது. எழுதியவரின் இயற்பெயர் ரங்கராஜன். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தவர். ஓட்டுப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் பெரும் பங்கு உடையவர். 2008-ம் ஆண்டு காலமானார்.

விஞ்ஞானம் படித்தவர் பேய்க் கதை எழுதலாமா? எழுதினார். அதனால்தான் சண்டையே வந்தது!

கதையை முழுவதும் சொல்லிவிட்டால் படிக்கப் போகிறவர்களுக்குத் துரோகம் செய்ததாகும். ஆகையால் கொஞ்சம் மட்டும் சொல்கிறேன். லீனா என்று ஒரு இளம்பெண். அவளுக்குப் பெரிய சொத்து. அந்தச் சொத்து விஷயமாக கணேஷ், வசந்த் என்ற இரண்டு வக்கீல்கள் வருகிறார்கள். இருட்டில் ஒரு பெண் உருவம் தெரிகிறது. பிறகு கொலை விழுகிறது. மூத்த வக்கீல் கணேஷ், "இதில் ஏதோ விஞ்ஞானத் தந்திரம் இருக்கிறது" என்று நினைக்கிறார். இளையவர் வசந்த், பேய் என்று நம்பும் பக்கம் சாய்கிறார். கடைசியில் விளக்கம் வருகிறது. ஆனால் எல்லாக் கதவும் சாத்தப்படவில்லை. ஒரு கதவு கொஞ்சம் திறந்தே இருக்கிறது. அந்த இடுக்கு வழியாகத்தான் நாற்பது வருஷங்களாக வாசகர்கள் சண்டை போடுகிறார்கள்.

நான்கு கட்சிகள்

நான் சொன்ன வீட்டில் கல்லூரிக்குப் போகும் மூத்த பையன் ஒரு கட்சி. "பேய் கிடையாது. எல்லாம் ஹோலோகிராம். ஆசிரியர் தெளிவாகச் சொல்லிவிட்டாரே!" என்பது அவன் வாதம்.

ஹோலோகிராம் என்றால் என்ன? சாதாரணப் போட்டோ தட்டையாக இருக்கும். ஹோலோகிராமில் ஒளியின் துணைகொண்டு பதிவு செய்த உருவம், நீளம், அகலம், கனம் மூன்றும் உள்ளதுபோலத் தெரியும். கையை நீட்டினால் ஒன்றும் அகப்படாது. இதற்கு வழி கண்டவர் டென்னிஸ் கபார் என்ற விஞ்ஞானி. 1947-ல் கண்டுபிடித்தார். 1960-ல் லேசர் ஒளி வந்த பிறகுதான் இது நன்றாகப் பயன்பட்டது. 1971-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். தமிழ் வாசகர்களில் பலர் அந்தச் சொல்லை முதன்முதலில் தெரிந்துகொண்டது இந்த நாவலில்தான்.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் இரண்டாவது கட்சி. "முதல் பாதியைக் கீழே வைக்க முடியவில்லை. ஆனால் அந்த விளக்கம் என் வயிற்றை நிரப்பவில்லை. காட்டுக்குள் எந்திரத்தை யார் தூக்கிக்கொண்டு வந்தது? மின்சாரம் எங்கிருந்து வந்தது? பேய் என்றே முடித்திருந்தால் கதை நிமிர்ந்து நின்றிருக்கும்" என்பது அவர் அபிப்பிராயம்.

வீட்டு ஆச்சி மூன்றாவது கட்சி. அவர் 1990-களில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றவர். எழுத்துக் கூட்டி நாளைக்கு நான்கு பக்கம் படிக்கிறார். "பேய் வந்தா ஏன் வந்துதுன்னு சொல்லணும். யாரு அவளுக்கு அநியாயம் பண்ணினா? அதில்லா கதை!" என்கிறார்.

நான்காவது கட்சி அம்மா. அவருக்குப் புத்தகமே பிடிக்கவில்லை. "அடுப்பில் போடு" என்று சொல்லிவிட்டார்.

உலகம் முழுவதும் இதே சண்டை

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியது அல்ல. ஹென்றி ஜேம்ஸ் என்பவர் 1898-ல் ஆங்கிலத்தில் "தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ" என்று ஒரு கதை எழுதினார். பெரிய பங்களா. இரண்டு குழந்தைகள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த ஒரு பெண். செத்துப்போனவர்களின் உருவங்கள் அவள் கண்ணுக்குத் தெரிகின்றன. அவை நிஜப் பேய்களா, அல்லது அவள் மனப்பிரமையா? நூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும் பேராசிரியர்கள் இரண்டு கட்சியாக நின்று வாதாடுகிறார்கள். முடிவு கண்டபாடில்லை.

ஆகவே, முடிவு தெளிவாக இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு நாவலைக் கெட்ட நாவல் என்று தள்ளிவிட முடியாது. படித்து முடித்த பிறகும் நாலு பேரைத் திண்ணையில் உட்கார வைத்துப் பேச வைக்கிறது என்றால், அந்தப் புத்தகத்தில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் ஆச்சி சொன்னதையும் தள்ள முடியாது. அவர் கேட்டு வளர்ந்தது கள்ளியங்காட்டு நீலி கதை. நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காடுதான் அந்தக் கதையின் களம் என்பார்கள். வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுவார்கள். நகைக்கு ஆசைப்பட்டு ஒருவன் தன்னை நம்பி வந்த பெண்ணைக் கொன்றுவிடுகிறான். அவள் அடுத்த பிறவியில் நீலியாக வந்து, கள்ளிக் கிளையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனைத் தொடர்ந்து போய்ப் பழி வாங்குகிறாள். கேட்பவர்களுக்கு உடம்பு நடுங்கும். ஆனால் மனசு யார் பக்கம் நிற்கும்? நீலி பக்கம்தான்!

நம் பழைய பேய்க் கதையில் பயம் இருந்தது. பயத்துக்குள் நியாயமும் இருந்தது. ஆச்சி எல்லாப் புத்தகத்திலும் அதைத் தேடுகிறார். அதில் தவறு இல்லை.

தாயின் கோபம் ஏன்?

இப்போது அம்மா விஷயத்துக்கு வருவோம். அடுப்பில் போடச் சொன்னாரே, அவர் படிப்பின் விரோதியா? இல்லை.

அவர் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. ரப்பர் மரத்தில் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறப் பால் குறைந்துவிடும். அதனால் கோழி கூவும் முன்பே கிளம்ப வேண்டும். நெற்றியில் விளக்கு. கையில் பால்வெட்டுக் கத்தி. ஒவ்வொரு மரமாக நடக்க வேண்டும்.

அந்த நேரத்தில் வீட்டில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான் தம்பிக்குக் காவல். அவள் அண்ணனுக்குத் தெரியாமல் இந்த நாவலை இரண்டே ராத்திரியில் படித்துவிட்டாள். மறுநாள் அம்மா கிளம்பும்போது சேலையைப் பிடித்துக்கொண்டாள். "போகாதே அம்மா! வெளியே வெள்ளையாக நிற்கிறது!" என்று அழுதாள். அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று. மூன்றாம் நாளும் அப்படியே!

படித்த நாம், "நாவல் என்பது கலை" என்று எளிதில் சொல்லிவிடலாம். கூலி இழந்த தாய்க்கு அந்தப் பேச்சு சோறு போடாது. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

என் கட்சி

இருந்தாலும் புத்தகத்தை அடுப்பில் போடக்கூடாது என்பதே என் கட்சி. காரணம் சொல்கிறேன்.

முதலாவது: பயம் புத்தகத்தில் பிறக்கவில்லை. நாவலே இல்லாத காலத்திலும் காட்டில் கொள்ளிவாய்ப் பிசாசு எரிந்தது! மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மழைக்காலத்தில் உளுத்த மரத்தில் வளரும் சில காளான்கள் இருட்டில் தாமாகவே பச்சையாக ஒளி வீசும். மரநாயின் கண்ணில் விளக்கு வெளிச்சம் பட்டால் நெருப்புத் துண்டுபோல் மின்னும். தெரியாதவனுக்கு அது பிசாசு. தெரிந்தவனுக்கு அது காளான், மரநாய். கணேஷ் வக்கீல் செய்வதும் இதைத்தான். "பயப்படு, ஆனால் பக்கத்தில் போய்ப் பார்" என்கிறார். இந்தப் புத்திமதியை எரிக்கலாமா?

இரண்டாவது: பொய்ப் பயத்தையும் மெய்ப் பயத்தையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளைகள் பழக வேண்டும். ரப்பர் தோட்டத்தில் பாம்பு உண்டு. மலையடிவாரத்தில் யானை வரும். வழியில் விளக்கு இல்லாத இடம் உண்டு. இவை மெய்ப் பயங்கள். இவற்றுக்குச் செருப்பு வேண்டும். நல்ல விளக்கு வேண்டும். துணைக்கு ஆள் வேண்டும். பேய்ப் பயம் ஒரு பெண்ணை வீட்டில் உட்கார வைக்கும். மெய்ப் பயமோ அவளை விளக்குக் கேட்டு மனு எழுத வைக்கும்.

மூன்றாவது: எதையும் தனியாக, ராத்திரியில், ஒளித்துப் படித்தால் பயம் இரட்டிப்பாகும். பகலில், நாலு பேர் நடுவில் படித்தால் பாதியாகும். பெற்றோர்கள் இந்த மாதிரி நாவலைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கொஞ்சம் வயது வரட்டும். ஆனால் பிள்ளை படித்துவிட்டால் அடிக்காதீர்கள். "எந்த இடத்தில் பயந்தாய்?" என்று கேளுங்கள். சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

தீர்ப்பு

அந்த வீட்டில் கடைசியில் நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மகள் புத்தகத்தை எடுத்து, முதலிலிருந்து உரக்கப் படித்தாள். ஆச்சி சுளவில் பயறு புடைத்துக்கொண்டே கேட்டார். ஆசிரியரும் வந்து உட்கார்ந்தார். அண்ணன் ஹோலோகிராம் வரும் இடத்தில் குறுக்கிட்டு விளக்கம் சொன்னான்.

அம்மா முதலில் கேட்காததுபோல் துணி மடித்துக்கொண்டிருந்தார். பிறகு துணி மடிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை!

படித்து முடித்ததும் மகள் கேட்டாள்: "அம்மா, நீ சொல்லு. பேய் உண்டா, இல்லையா?"

அம்மா சிரித்தார். "மக்களே, இருபது வருஷமா இருட்டுல போறது நான். பேய் இருந்தா எனக்கில்லா முதல்ல தெரியணும்? இன்னும் ஒண்ணு கூட எனக்குக் கும்பிடு போடல்ல!" என்றார்.

நாற்பது வருஷச் சண்டைக்கு இதைவிட நல்ல தீர்ப்பை நான் கேட்டதில்லை. மறுநாள் விடியற்காலையில் அம்மா வேலைக்குப் போனார். மகள் வாசல் வரை வந்து, நெற்றி விளக்கைத் தன் கையாலேயே மாட்டிவிட்டாளாம்.

புத்தகம் அடுப்புக்குப் போகவில்லை. இப்போது அடுத்த வீட்டில் இருக்கிறது. அங்கே எத்தனை கட்சி பிரிந்திருக்கிறதோ!